எழுபது வளைவுக்குள் அடங்கும் வேகம்

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகள் போட்டு ஏறுகிறது. வளைவுக்கு வளைவு எண் பலகை உண்டு. உட்கார்ந்து வருகிறவர்கள் உற்சாகமாக எண்ணத் தொடங்குவார்கள். இருபதைத் தாண்டும்போது பாதிப் பேருக்குக் குமட்டும், எண்ணிக்கை விட்டுப்போகும். மேலே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு என்று 'நாடு' என முடியும் ஊராட்சிகள். முள்ளுக்குறிச்சி பக்கமிருந்து இன்னொரு பாதை ஏறுகிறது. ஆனாலும் எடப்புளி நாட்டுக்குப் போகிற வெளியூர்க்காரர் பெரும்பாலும் இந்த எழுபதில்தான் ஏறுகிறார், வேண்டுமென்றே.

வார இறுதிகளில் இந்தச் சாலையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். நெடுஞ்சாலையில் 250, 300 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்யப்பட்ட கார், தரையை உரசுவதுபோன்ற தாழ்ந்த மூக்கோடு, அரசுப் பேருந்தின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து வரும். முந்த இடமில்லை. இடம் கிடைத்தாலும் அடுத்த வளைவு வந்துவிடும். வண்டியின் முழுத் திறமையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்ட முடியாத சாலைக்கு அதன் சொந்தக்காரர் ஏன் பெட்ரோல் செலவழித்து வருகிறார்? கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: இங்கேதான் வண்டி ஓட்டியது மாதிரி இருக்கிறது. விளையாட்டாகச் சொல்வதாகத் தோன்றும். வேகம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்விக்கான விடை அந்தப் பதிலுக்குள் பாதி இருக்கிறது.

முதலில் வளைவின் கணக்கைப் பார்ப்போம். மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிகளின்படி, கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும். உட்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டராவது நேர்ச்சாலை. பழைய மலைச்சாலைகளில் இந்த அளவுகூட எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை. கார் 14 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெளியே வீசப் பார்க்கும் விசையும், அதைச் சாலையில் பிடித்து வைக்கும் டயரின் உராய்வும் வண்டியின் எடையோடு சேர்ந்தே கூடுகின்றன. அதனால் கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வளைவின் ஆரமும் டயரின் பிடிமானமும்தான். சாதாரணக் காரின் நல்ல டயர், உலர்ந்த தாரில், மணிக்கு 35 கிலோமீட்டர் வரை பிடித்துக்கொள்ளும். கோடிக்கணக்கில் விலையுள்ள காரின் அகன்ற, ஒட்டும் டயர் 42 வரை பிடிக்கும். ஆக, அத்தனை கோடிக்கும் கொல்லிமலை கொடுப்பது 7 கிலோமீட்டர். மழை பெய்து சருகு ஒட்டிக் கிடந்தால் அதுவும் இல்லை.

குதிரைத்திறனுக்கு இங்கே வேலை குறைவு. அது எங்கே தேவைப்படுகிறது என்றால், நேர்ச்சாலையில் காற்றை விலக்குவதற்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் எட்டு மடங்கு. 150-ல் போக 100 குதிரைத்திறன் போதுமென்றால் 300-ல் போக 800 வேண்டும். 2005-ல் வந்த புகாட்டி வேரோன் 1001 குதிரைத்திறனைக் கொட்டி 407 கிலோமீட்டரைத் தொட்டது. அதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: உச்ச வேகத்தில் போனால் டயர் 15 நிமிடம்தான் தாங்கும், ஆனால் பயப்பட வேண்டாம், 12 நிமிடத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும். பொறியாளர்களின் நகைச்சுவை இப்படித்தான் இருக்கும்.

மிக அதிக வேகத்தில் ஓட்டியவர்கள் சொல்வதைத் தொடர்ந்து கேட்டால் ஒன்று தெரியவரும். 300-ல் போனோம் என்ற எண்ணை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அனுபவத்தை விவரிக்கும்போது வேகத்தை விவரிக்கமாட்டார்கள். எஞ்சினின் ஒலியைக் காற்றின் இரைச்சல் மூழ்கடித்த கணம், ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப்போன உணர்வு, தொலைவில் எறும்பாகத் தெரிந்த லாரி கண்ணிமைப்பதற்குள் முன்னால் வந்து நின்றது, ஓரத்து மரங்கள் கரைந்து பார்வை ஒரு குழாய்க்குள் ஒடுங்கியது, இவைதான் பேச்சில் வரும். பிறகு, கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்னொன்றையும் சொல்வார்கள்: முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. இருநூற்றைம்பது சும்மா இருந்தது. வேகத்தைக் குறைத்து ஊருக்குள் நுழைந்தபோது 60-ல் போவது வண்டி நின்றுவிட்டது போல இருந்தது.

இந்தக் கடைசி வாக்குமூலம்தான் முக்கியமானது. ஆய்வாளர்கள் இதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துருவியிருக்கிறார்கள். வேகத்தைக் கண் நேரடியாக அளப்பதில்லை. பக்கவாட்டில் காட்சி ஓடும் விதத்தை வைத்து மூளை ஊகிக்கிறது. ஒரே அளவாக ஓடும் காட்சிக்கு மூளை சில நிமிடங்களில் பழகிவிடும், பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணக்காததுபோல. 1969-ல் ஷ்மிட், டிஃபின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்டுநர்களை மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓட்டவிட்டு, பிறகு வேகமானியைப் பார்க்காமல் 40 மைலுக்குக் குறைக்கச் சொன்னார்கள். 40-க்கு வந்துவிட்டதாக நினைத்தவர்கள் உண்மையில் அதற்கு மேல்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தூரம் வேகமாக ஓட்டியிருந்தார்களோ அவ்வளவுக்குத் தவறும் கூடியது. பிரிட்டனில் டென்டன் என்பவர் இதே பலவீனத்தைத் திருப்பிப் பயன்படுத்தினார். ரவுண்டானாவை நெருங்கும் சாலையில் குறுக்குக் கோடுகளை இட்டு, அவற்றின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். வேகம் கூடுவதுபோல ஒரு மாயை உண்டாகி, ஓட்டுநர் தானாகவே பிரேக்கில் கால் வைத்தார். நம் நெடுஞ்சாலைகளிலும் சந்திப்புகளுக்கு முன்னால் இப்படிப்பட்ட கோடுகள் உண்டு. அவை தடதடப்பதற்காக மட்டும் போட்டவை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொல்லிமலையில் அந்தப் பழக்கம் ஏற்பட வழியே இல்லை. சிறிது தூரத்துக்கு ஒருமுறை காட்சி அறுந்து வேறு திசையில் தொடங்குகிறது. ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் பாறை ஓடுகிறது. அருகில் இருப்பது எதுவும் வேகமாகவே நகரும். மறு பக்கம் வெறும் வெளி. கழுத்தும் வயிறும் காதும் சேர்ந்து கணக்குக் கொடுக்கின்றன. 30 கிலோமீட்டர் இங்கே 30 ஆகவே, சில சமயம் 60 ஆகவும் உணரப்படுகிறது. நெடுஞ்சாலையில் 250-ஐ உணராத அதே மனிதர் இங்கே 35-ல் வியர்க்கிறார் என்றால், பொய் சொன்னது நெடுஞ்சாலைதான்.

பனிமூட்டம் மட்டும் விதிவிலக்கு என்பார்கள், அதிலும் ஒரு சர்ச்சை. 1998-ல் ஸ்னோடனும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூட்டத்தில் காட்சியின் துலக்கம் மங்குவதால் வேகம் குறைவாகத் தெரிகிறது, அதனால் ஓட்டுநர்கள் அறியாமல் வேகமாக ஓட்டுகிறார்கள் என்றது அது. பாடப்புத்தகத்தில் ஏறும் அளவுக்குப் புகழ்பெற்ற முடிவு. 2012-ல் பிரெட்டோவும் குழுவினரும் அதைக் கவிழ்த்தார்கள். முதல் ஆய்வில் காட்சி முழுவதையும் ஒரே சீராக மங்கலாக்கியிருந்தார்கள். உண்மையான மூடுபனி அப்படி இருப்பதில்லை, தூரத்தைத்தான் மறைக்கும், பக்கத்தை விட்டுவைக்கும். அப்படி அமைத்துச் சோதித்தபோது ஓட்டுநர்களுக்கு வேகம் கூடுதலாகத் தெரிந்தது, அவர்கள் நிதானமாகவே ஓட்டினார்கள். மார்கழிக் காலையில் மலைச்சாலையில் போனவர்களுக்கு இரண்டாவது முடிவே சரியென்று படும். முன்னால் ஒன்றும் தெரியாது, சக்கரத்தருகே தார் மட்டும் விறுவிறுவென்று ஓடும், கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்.

வளைவில் கண் எங்கே போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். லாண்ட், லீ என்ற இருவர் 1994-ல் கண்டது: வளைந்த சாலையில் ஓட்டுநரின் பார்வை, வளைவின் உள்விளிம்பு முன்னால் துருத்தித் தெரியும் புள்ளியை ஓரிரு வினாடி முன்கூட்டியே போய்ப் பற்றிக்கொள்கிறது. பிறகு லாண்ட் ஒரு பந்தய ஓட்டுநரையும் ஆராய்ந்தார். அவருடைய தலை, கார் திரும்புவதற்கு ஒரு வினாடி முன்பே திரும்பிவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு வரும் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரின் பின்தலையைப் பாருங்கள். ஸ்டியரிங் அசைவதற்கு முன்பே அந்தத் தலை மேலே, அடுத்த வளைவை நோக்கி, போய்விட்டிருக்கும். கை ஹார்னில். இறங்கி வரும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அந்த விதி தெரியாத வெளியூர்க் கார் எந்த வளைவில் எதிரே நிற்கும் என்பதையும் அந்தத் தலை கணித்து வைத்திருக்கும். காரின் சொந்தக்காரர்கள் 'டிரைவிங் அனுபவம்' என்று காசு கொடுத்துத் தேடுவதை, இவர் ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

அதிவேகக்காரர்கள் சொல்லும் இன்னொரு அனுபவம் ஆபத்தின் விளிம்பில் நேரம் மெதுவாக நகர்ந்தது என்பது. லாரி குறுக்கே வந்தது, எல்லாம் சினிமாவில் வருவதுபோல மெதுவாகத் தெரிந்தது, யோசித்துத் திருப்பினேன் என்பார்கள். ஈகிள்மன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், மனிதர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து முதுகு கீழாக வலைக்குள் விழவிட்டார்கள். தாங்கள் விழுந்த நேரம், பிறர் விழுந்த நேரத்தைவிட 36 சதவீதம் நீண்டதாக அவர்களுக்குத் தோன்றியது. ஆனால் விழும்போது கையில் கட்டிய கருவியில் அதிவேகமாக மாறிய எண்களை அவர்களால் வழக்கத்தைவிட நன்றாகப் படிக்க முடியவில்லை. நேரம் நீண்டது நினைவில்தான். அந்தக் கணத்தில் கூடுதலாக ஒரு நொடிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. யோசித்துத் திருப்பியதாகச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிழைத்த பிறகுதான் அவர் யோசித்திருக்கிறார்.

கிடைக்கிற நொடி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், 100 கிலோமீட்டரில் போகும் நல்ல கார் நிற்பதற்குள் சுமார் 90 மீட்டர் ஓடிவிடும். 250-ல் அது 400 மீட்டருக்கு மேல். அதில் முதல் 100 மீட்டர், கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே கழிந்துவிடும். நம் நான்குவழிச் சாலையில் 400 மீட்டருக்குள் என்னவெல்லாம் இருக்கும்! நடுத்தடுப்பின் இடைவெளியில் காத்து நிற்கும் பைக், எதிர்த்திசையில் வரும் டிராக்டர், புல் மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் ஆடுகள்.

ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளில் வேக வரம்பு இல்லை. 130 என்ற பரிந்துரை மட்டும் உண்டு. 2021-ல் செக் நாட்டுக் கோடீஸ்வரர் ராடிம் பாஸர் அங்கே புகாட்டி ஷிரானில் 417 கிலோமீட்டரில் போய், பிறகு காணொளியையும் வெளியிட்டார். அரசு வழக்குரைஞர்கள் விசாரித்து, 2022-ல் கைவிட்டார்கள். சாலை காலியாக இருந்தது, பார்வைக்குத் தடையில்லை, இடங்களைத் தேர்ந்து நிறுத்திய ஆட்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் தரப்பு. எனக்கு அந்தக் காணொளியில் உறைத்தது அவர் தண்டவாளத்தில் போவதுபோல அத்தனை அமைதியாகப் போனதுதான். பயமே தெரியவில்லை. அந்த வேகத்தில் வினாடிக்கு 116 மீட்டர் போகிறார்.

அந்த வேகத்துக்குத் தமிழ்நாடு வேறொரு வழி கண்டது, அதுவும் வெகு முன்பே. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. வேக காரின் சொந்தக்காரர் என்ற இனத்தை நம் மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தது அங்கேதான். கோண்டல் மகாராஜா வந்தார். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். சங்க காலத்திலும் இந்த இனம் உண்டு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர்; அவனைக் கொன்ற மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது. ஊர்தியையும் தன்னையும் ஒரே பெயரால் அழைத்துக்கொள்ளும் ஆசை நேற்று வந்ததில்லை.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில், பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்த கரிவரதனின் பெயரில் இன்னொன்று. அதே கோவையிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழுமுறை வென்றவர். ராலியும் சர்க்யூட்டும் இருவேறு கலைகள். ராலிக்காரர் தெரியாத வளைவைப் பக்கத்து இருக்கைக்காரர் வாசிக்கும் குறிப்பை நம்பி எடுக்கிறார். சர்க்யூட்காரர் தெரிந்த வளைவையே நூறுமுறை எடுத்து, நூற்றோராவது முறை அரை மீட்டர் தாமதமாகப் பிரேக் அடிக்கிறார்.

பந்தயத் தளம் விற்பது ஒன்றை மட்டும்: தப்பினால் நிற்பதற்கான இடம். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ரசிகர்கள் அதை அவருடைய துணிச்சலின் கணக்கில் எழுதினார்கள். நான் அதை இரும்புக் கூண்டு, ஆறு முனைப் பட்டை, தலையையும் கழுத்தையும் தாங்கும் கவசம், எதிரே யாரும் வராத சாலை இவற்றின் கணக்கில் எழுதுவேன். மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2021-ல் திறக்கப்பட்ட நாட்ராக்ஸ் சோதனைத் தளத்தில் 11.3 கிலோமீட்டர் நீள்வட்டப் பாதை உண்டு. அங்கே 300-ஐத் தாண்டுவதில் வீரமும் இல்லை, குற்றமும் இல்லை.

பொதுச்சாலையில் கணக்கு வேறு. அங்கே தப்பினால் நிற்பதற்கான இடம் அடுத்தவருடையது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை வகைப்படுத்தியது. இறந்தவர்களில் பெரும் பங்கினர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2024 மே மாதம் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய போர்ஷே, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. 'அதிவேக அனுபவம்' என்று பேசப்படும்போது அந்த இரண்டு பேரின் அனுபவம் கணக்கில் வருவதேயில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இதைத் தொட்டது. விபத்தில் கடுமையாக ஊனமுற்ற ஒரு பெண் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த நீதிபதிகள் என். கிருபாகரனும் டி.வி. தமிழ்ச்செல்வியும், நெடுஞ்சாலைகளில் 100, விரைவுச்சாலைகளில் 120 என்று வரம்பை உயர்த்திய 2018 ஏப்ரல் மாத மத்திய அரசு அறிவிக்கையை ரத்து செய்தார்கள். சாலையும் வண்டியும் மேம்பட்டதால் வேகத்தைக் கூட்டலாம் என்ற வாதம் அவர்களிடம் எடுபடவில்லை. அந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்று மேலே சொன்ன ஆய்வுகளைப் படித்தவருக்குத் தெரியும்: மேம்படாத ஒன்று, ஓட்டுநரின் மூளை, நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாலை வழவழப்பானால், கார் சத்தமில்லாமல் ஆனால், அதற்கு வேகம் தெரிவது இன்னும் குறையும். விலையுயர்ந்த கார் என்பதே ஒருவகையில் வேகத்தை மறைக்கும் கருவி. கண்ணாடி இரண்டடுக்கு, இருக்கை அதிராது, 140 கிலோமீட்டரில் பாட்டு தெளிவாகக் கேட்கும். பழைய அம்பாசடரில் 90-ஐத் தொட்டால் கதவு முதல் கண்ணாடி வரை எல்லாம் எச்சரிக்கும்.

கொல்லிமலையில் ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். உண்மையான அதிவேகம் இறக்கத்தில் இருக்கிறது, ஒளிந்துகொண்டு.

மலைக்கும் அடிவாரத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர் என்று கொள்வோம். அந்த உயரத்திலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் விழும் பொருள் தரையைத் தொடும்போது வினாடிக்கு 140 மீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது மணிக்கு 504 கிலோமீட்டர். புகாட்டி ஷிரான் 2019-ல் ஜெர்மானியச் சோதனைத் தளத்தில் எட்டிய 490-ஐவிட அதிகம். சோளக்காட்டில் நிறுத்தியிருக்கும் பழைய மாருதி 800-க்குள் இந்த 504 கிலோமீட்டர் உறங்குகிறது. 70 வளைவுகளில் இறங்கும்போது அந்த ஆற்றல் அத்தனையையும் சூடாக மாற்றிக் காற்றில் விட்டாக வேண்டும். அதே எடையுள்ள கார் 300-லிருந்து ஒரேயடியாக நிற்பதற்குப் பிரேக் உறிஞ்சும் சூட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. எஞ்சின் பாதியை வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் மட்டுமே சுமக்கும். கட்டை கருகும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், மிதி பஞ்சுபோல உள்ளே போகும். பந்தயத் தளத்துக்குப் பீங்கான் கலந்த தட்டுகளோடு வந்த கார் தப்பித்துக்கொள்ளும். வாடகைக்கு எடுத்த ஏழு இருக்கை வண்டி, நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் ஓட்டுநரோடு, தப்பிப்பது சந்தேகம்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலையோட்டிகளின் பழைய பாடம். காரவள்ளிக்கு வந்து சேரும் வண்டிகளின் முன் சக்கரங்களிலிருந்து வரும் கருகல் வாடையை வைத்தே யார் அந்தப் பாடத்தைக் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். வெளியூர்க் கார்கள் பானெட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும். நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்து, 504 கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் கரைத்துவிட்டு, நாமக்கல் பக்கம் நேராகப் போய்விடும்.